சன்னலோரக் கட்டில்

ஒரே கொடியில், ஒரே வெயிலில், காலையில் ஒன்றாகக் காயப்போட்ட இரண்டு தாவணிகளில் ஒன்று மொடமொடவென்று காய்ந்திருந்தது. மற்றதிலிருந்து இன்னும் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டியது வேலாத்தாளின் தாவணி.

அவள் அதைக் கொடியிலிருந்து உருவி முகர்ந்து பார்த்தாள். சோப்பு வாசனை இல்லை. வெகுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்த வாடைதான் வந்தது.

"நீ சரியாப் பிழிஞ்சிருக்க மாட்டட்டி," என்று சிரித்தபடி செல்லத்தாய் தன்னுடையதை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேலாத்தாள் சரியாகத்தான் பிழிந்திருந்தாள். செல்லத்தாயின் துணியையும் சேர்த்துப் பிழிந்து போட்டவளே அவள்தான்.

மண்ணரையில் அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. எண்பத்தெட்டாம் வருடம் திருப்பூரில் படிக்கிற பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது லேசான காரியமாக இல்லை. கல்லூரி விடுதி நிறைந்துவிட்டது. வீரபாண்டியில் சாயப்பட்டறைக்காரர்கள் லைன் வீடுகளை மொத்தமாகப் பிடித்து வைத்திருந்தார்கள். அருள்புரத்தில் ஒரு அம்மாள், "கம்பெனி ஆளுங்களுக்கே ஊடு பத்தலீங்க, காலேசுப் புள்ளைங்களுக்கு எங்க போறது?" என்று கதவைச் சாத்தினாள். மூலனூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து வந்த வேலாத்தாளும், கோவில்பட்டியிலிருந்து வந்த செல்லத்தாயும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பழக்கத்தில் சேர்ந்தே அலைந்தார்கள். கடைசியில் பஸ் நிறுத்தத்தை ஒட்டிப் பனியன் வேஸ்ட் கடை வைத்திருந்த பசீர் அகமதுதான் வழி சொன்னார். "வாடகை பாதிதாம்மா. ஆனா ரெண்டு பேரா வந்தாத்தான் அந்தம்மா குடுப்பாங்க. ஒத்தையா வந்தாலும் குடுக்க மாட்டாங்க, மூணு பேரா வந்தாலும் குடுக்க மாட்டாங்க."

நொய்யல் கரையை ஒட்டிய பழைய ஓட்டு வீடு. வீட்டுக்காரி ஜானகியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். காதில் வைரத்தோடு, நெற்றி வெறுமை. நீளமான ஒற்றை அறை, இரண்டு கட்டில்கள். ஒன்று சன்னலோரம், மற்றது உள்சுவரோரம். "ஆரு எங்க படுக்கறதுன்னு நீங்களே பேசிக்குங்க கண்ணு," என்று சொல்லிவிட்டு அவள் வாசல்படியில் நின்று காத்திருந்தாள். ஏதோ முக்கியமான காரியத்துக்குக் காத்திருப்பவளைப்போல.

செல்லத்தாய் சிரித்துக்கொண்டே ஓடிப்போய்ச் சன்னலோரக் கட்டிலில் விழுந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

மறுநாளிலிருந்து ஜானகியம்மாள் செல்லத்தாயின் தலைக்குத்தான் எண்ணெய் வைத்தாள். செல்லத்தாய்க்குத்தான் ஜாதிமல்லி கட்டினாள். சாயங்காலம் ஒரு டம்ளர் பால் வரும், அதுவும் செல்லத்தாய்க்கு. "அம்மிணிக்கு என்ன முடி பாரு, சாட்டையாட்ட!" என்று சிக்கெடுக்கும் விரல்களைப் பார்த்தபடி வேலாத்தாள் சுவரோரக் கட்டிலில் புத்தகத்தை விரித்து வைத்திருப்பாள். ஓர் எழுத்தும் ஓடாது. இந்த மண்ணுக்காரி நான். என் பேச்சும் இந்தம்மாள் பேச்சும் ஒன்று. எங்கிருந்தோ வந்தவளுக்கு நடக்கிற உபசாரம் எனக்கு ஏன் இல்லை? மனசுக்குள் ஒரு முள் முறிந்து தங்கிவிட்டது. அதை அவளே நாளெல்லாம் தடவித் தடவிப் பழுக்க வைத்தாள்.

செல்லத்தாய்க்கு நிறம் ஏறியது. கன்னம் பூரித்தது. வகுப்பில் முதல் மார்க் வாங்கினாள். வேலாத்தாளுக்குக் கழுத்தெலும்பு தெரிந்தது. வருகை எடுக்கிற மேடம் அவள் பெயரைத் தாண்டிப் போனார். "உள்ளேன் மேடம்" என்று அவள் எழுந்து நின்று சொன்னபோது பக்கத்துப் பெஞ்சுக்காரிகூடத் திரும்பவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் செல்லத்தாய்க்கு மட்டும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். ஒருநாள் செல்லத்தாய் கொய்யாப்பழம் வாங்கி வந்தாள். ஒன்றே ஒன்று. கடித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்து, "ஐயோ, நீ இருக்கதையே மறந்துட்டேன்ட்டி," என்றாள். அதை அவள் நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னதுதான் வேலாத்தாளுக்கு ஆறவில்லை.

படுத்தால் சுவர் கதகதப்பாக இருக்கும். அதற்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரும். இழுத்து, நிறுத்தி, விட்டு, மறுபடி இழுக்கிற சத்தம். பின்பக்கத்துச் சாயப்பட்டறையின் பாய்லர் என்றே அவள் நினைத்திருந்தாள். ஊரே பனியன் மெஷின்களின் இரைச்சலில் கிடக்கும்போது எந்தச் சத்தம் எதனுடையது என்று யார் பிரித்துப் பார்க்கிறார்கள்?

தீபாவளிக்கு முந்திய மாலை பஸ்ஸில் இடம் கிடைக்காமல் இருவரும் திரும்பி வந்தார்கள். கம்பெனி ஆட்களெல்லாம் ஊருக்குக் கிளம்பியிருந்தார்கள். மெஷின்கள் நின்றிருந்தன. சாயப்பட்டறைக் குழாயில் புகை இல்லை. ஆற்றோரம் தவளை கத்துவதுகூடக் கேட்டது. சமையலறையில் முறுக்கு வேகிற எண்ணெய் வாசனையும், செல்லத்தாயின் சிரிப்பும், "இன்னும் ஒண்ணு திங்கு கண்ணு" என்கிற கொஞ்சலும் கலந்து வந்தன. யாரும் வேலாத்தாளைக் கூப்பிடவில்லை. கசப்போடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சத்தம் நிற்கவில்லை.

இழுத்தது. நின்றது. விட்டது. அவள் காதைச் சுவரில் வைத்தாள். ஒன்றல்ல. ஒன்று இழுக்கும்போது இன்னொன்று விட்டது. மூன்றாவது ஒன்று, அழுது ஓய்ந்தவர்களுக்கு வருவதுபோல, நடுவில் விக்கியது. கன்னத்தில் பட்ட சுண்ணாம்பு உடம்புச் சூடாய்ச் சுட்டது.

மறுநாள் இருவரும் அவரவர் ஊருக்குப் போனார்கள். வேலாத்தாளின் அம்மா இலை போட்டபோது ஓர் இலை குறைந்தது. "என்ற புத்தி எங்க போச்சோ," என்று அம்மா உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தாள். சாயங்காலமும் ஓர் இலை குறைந்தது. அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் செல்லத்தாய் முந்தித் திரும்பியிருப்பாள், தலைபின்னிக்கொண்டிருப்பாள் என்ற நினைப்பு அவளைத் தங்கவிடவில்லை.

திருப்பூரில் இறங்கியதும் நேரே பசீர் அகமதுவின் கடைக்குப் போனாள். அவர் கோணி தைத்துக்கொண்டிருந்தார்.

"ஆரும்மா, என்ன வேணும்?"

"நாந்தானுங்க பாய். மண்ணரை ஊட்டுக்கு வழி சொன்னீங்களே."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "அது தெக்கத்திப் புள்ள ஒண்ணுதானே வந்துச்சு?"

"ரெண்டு பேருங்க. இன்னொண்ணு நானுங்க."

அவர் கோணி ஊசியைக் கீழே வைத்தார். அவளை உற்றுப் பார்த்தபடி சொன்னார். "போன வருசமும் ரெண்டு புள்ளைங்க போச்சு. ஒண்ணுக்குக் கல்யாணமாகி நல்லாருக்குது. இன்னொண்ணு... யா அல்லா, அது மொகமே வரமாட்டேங்குதும்மா. பேரும் வரல. பெத்தவங்ககூடத் தேடி வரல."

"தெரிஞ்சே ஏனுங்க எங்கள அனுப்புனீங்க?"

"தெரியலம்மா. இப்ப உன்னையப் பாத்தப்பறந்தான் அப்படி ஒண்ணு இருந்ததே ஞாபகம் வருது." அவர் எழுந்துவிட்டார். "ஓடு. அந்தப் புள்ளையையும் கூட்டிக்கிட்டு இப்பவே வந்துரு. எங்க ஊட்டுல என்ற பொண்ணு நூர்ஜானோட ரெண்டு பேரும் படுத்துக்குங்க. வேற எடம் நான் பாத்துத் தாரேன்."

விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டுக்குள் நுழைந்தபோது சொல்லவேண்டியதெல்லாம் அவள் வாயில் தயாராக இருந்தது. செல்லத்தாய் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மாம்பழ நிறத்தில் புதுப் பாவாடை, தலைகொள்ளாத பூ. ஜானகியம்மாள் அவள் பின்னலுக்குக் குஞ்சம் வைத்துக்கொண்டிருந்தாள். மேற்கு வெளிச்சம் செல்லத்தாயின் முகத்தில்தான் விழுந்தது. இருவரும் நிமிரவில்லை. கதவு திறந்தது காற்றினால் என்பதுபோல இருந்தார்கள்.

வேலாத்தாளின் வாயிலிருந்து வந்தது வேறு.

"தல வலிக்குது. இன்னிக்கு ஒருநா நான் சன்னலோரம் படுத்துக்கட்டுமா?"

ஜானகியம்மாளின் கை நின்றது. அன்றுதான் முதல் முறையாக அவள் வேலாத்தாளை முழுசாகப் பார்த்தாள். கடைக்காரர் சரக்கைப் பார்ப்பதுபோல.

"அதுக்கென்னட்டி? படு," என்றாள் செல்லத்தாய். "நான் அங்கன படுத்துக்கிடுதேன்." தன் தலையணையையும் கொண்டுவந்து வேலாத்தாளுக்கு வைத்தாள். நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாள். பசீர் அகமது சொன்னதைச் சொல்ல அப்போதும் நேரமிருந்தது. வேலாத்தாள் கண்ணை மூடிக்கொண்டாள். சன்னலிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. அப்படித் தூங்கி எத்தனையோ நாளாகியிருந்தது.

விடிந்ததும் ஜானகியம்மாள் சீப்போடு வந்து வேலாத்தாளின் பின்னால் உட்கார்ந்தாள்.

"என்ற கண்ணு. உன்ற முடிதான் எத்தன மெத்துன்னு இருக்குது!"

கல்லூரியில் மேடம் அவள் பெயரைச் சிரித்தபடி கூப்பிட்டார். கண்டக்டர் அவளுக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுத்தான். பால் அவளுக்கு வந்தது. ஒரு வாய் கூட மிச்சம் வைக்காமல் குடித்தாள். தலைவலி தீர்ந்த பிறகும் அவள் கட்டிலை விட்டுக்கொடுக்கவில்லை. செல்லத்தாயும் கேட்கவில்லை. கொடியில் சொட்டுகிற தாவணி யாருடையது என்று வேலாத்தாள் திரும்பிப் பார்க்கவில்லை.

கார்த்திகை முடிகிறபோது ஒருநாள் இரவு சுவரோரக் கட்டிலிலிருந்து கேட்டது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. "ஏட்டி... ஒருநா மாத்திக்கிடுவமா? செவுரு சுடுதுட்டி. எனக்குப் பயமா இருக்கு."

வேலாத்தாள் விழித்துத்தான் இருந்தாள். மூச்சைச் சீராக இழுத்துவிட்டுத் தூங்குகிறவளைப்போலக் கிடந்தாள். ஒருநாள் மாற்றினால் மறுபடி அவளுக்குப் பூ. மறுபடி அவளுக்குப் பால். முடியாது.

"ஏட்டி..."

முடியாது.

மார்கழியில் ஒரு மாலை. மின்சாரம் போயிருந்தது. வேலாத்தாள் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பின்னால் ஜானகியம்மாள் பூ வைத்துக்கொண்டிருந்தாள். சிம்னி விளக்கின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் ஆடியது. சுவரோரக் கட்டிலில் விரிப்பு இல்லை. வெறும் கயிறு. அங்கே யாரோ படுப்பார்களே என்று நினைத்தாள். கூடப் படிக்கிற பிள்ளை. தெற்கத்திப் பக்கம். அவள் பெயர்...

வரவில்லை.

"ஏனுங்கம்மா, இங்க இன்னொரு புள்ள..."

"அது போயி ரெண்டு நாளாச்சுங் கண்ணு. நீ தூங்கிட்டிருந்தே." விரல்கள் பூச்சரத்தை மெல்லச் செருகின. "தலைய ஆட்டாம இரு."

அவள் ஆட்டவில்லை. ஆட்ட முடியவில்லை. சுவரைப் பார்த்தாள். விளக்கு பக்கவாட்டில் இருந்ததால் அதுவரை தெரியாத மேடுபள்ளம் எல்லாம் தெரிந்தது. சுண்ணாம்பு உப்பியிருந்தது. ஈரம் என்று நினைத்தாள்.

ஈரம் இல்லை. தோள்.

போர்வைக்குள் ஒருக்களித்துப் படுத்திருப்பவர்களின் தோள். இடுப்பு. முழங்கால். ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தி. கூரைவரை. ஒவ்வொரு முதுகிலும் தடித்த கயிறுபோல ஒரு பின்னல். எல்லாம் மெல்ல ஏறின. இறங்கின.

கட்டிலை ஒட்டிய கடைசி உருவத்தில் மட்டும் சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. மற்றவர்கள் எல்லோரும் முதுகு காட்டிப் படுத்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். வெள்ளைப் பூச்சுக்கு அடியில் வாய் திறந்திருந்தது. இமைமேல் பூச்சு விரிசல்விட்டு, விண்டு, உதிர்ந்தது.

அந்தக் கண் வேலாத்தாளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் தலையிலிருந்த பூவைப் பார்த்துக்கொண்டிருந்தது.