கயிறு பிடித்தவள்

சுவரில் மாட்டியிருந்த கயிறு காலையில் ஈரமாக இருந்தது.

சந்தனம்மாள் அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மோந்து பார்த்தாள். பாசி வாடை. மதுரையிலிருந்து வந்த புதுக்கயிறு அது, இன்னும் ஒரு தடவைகூடக் கிணற்றில் இறங்கவில்லை. நேற்றுச் சாயங்காலம் அவள்தான் அதைச் சுருட்டிக் கொல்லைச் சுவரில் மாட்டினாள். இரவு மழை கிடையாது. பனியில் நனைந்ததென்றால் கீழே கிடந்த சாக்கும் அல்லவா நனைந்திருக்க வேண்டும்? சாக்கு மொறுமொறுவென்று கிடந்தது. கயிற்றின் நுனியிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"கயித்த எடுத்தாச்சா மதினி?" என்று உள்ளேயிருந்து பேச்சிமுத்து கேட்டான்.

தாலி கட்டி ஒரு மாதமாகிறது, அந்தப் பயல் வாயில் இன்னும் மதினிதான் வருகிறது! அவர்கள் சனத்தில் அறுத்துக்கட்டுவது வழக்கம்தான். புருசனைப் பறிகொடுத்தவளைக் கொழுந்தன் கட்டிக்கொண்டால் காமயகவுண்டன்பட்டியில் யாரும் மூக்கில் விரலை வைக்கமாட்டார்கள். "நல்ல மனசுக்காரன், அண்ணன் பொண்டாட்டிய நடுத்தெருவுல விடல" என்றுகூடச் சொன்னார்கள். நல்ல மனசாம், நல்ல மனசு.

உள்ளே அவன் பயணத்துக்கு அடுக்கிக்கொண்டிருந்தான். தகரப்பெட்டி, புளி, வத்தல், வெல்லம், கொசுவுக்கு ஒரு கம்பளி. தேனியில் ரயிலேறி மதுரை, அங்கிருந்து மண்டபம், மண்டபத்திலிருந்து தோணி. தோணி போய்ச் சேருவது நடுக்கடலில் ஒரு தீவு. வெள்ளை மணலும் தென்னையுமாக இருக்குமாம், முழங்கால் தண்ணீரில் நின்றாலே கீழே பவளப்பாறை தெரியுமாம். மலையைத் தவிர வேறெதையும் பார்த்தறியாத ஊரில் அவன் அதைச் சொல்லிச் சொல்லியே பெரிய ஆளாகிவிட்டான்.

ஆனால் அந்தத் தீவுக்குப் போக வேண்டியவன் கோட்டைச்சாமி. அவளுடைய செத்துப்போன புருசன். தூத்துக்குடி முதலாளி ஒருவர் சிப்பியெடுக்க ஒரே ஓர் ஆளைக் கேட்டார். கிணறு வெட்டுகிற வேலையில் கம்பம் பக்கம் பேர்போன கோட்டைச்சாமியைப் பேசி முடித்து, தோட்டத்துக் கிணற்றில் பழகிக்கொள்ளும்படி முங்குகிற சட்டையையும், தலையில் கவிழ்க்கிற கண்ணாடி பதித்த செம்புத் தலையையும், ஆளைக் கீழே நிறுத்துகிற ஈயச் செருப்பையும், குழாய் வழியாக மூச்சுக்காற்று அனுப்பக் கையால் அடிக்கிற காத்துப் பெட்டியையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. முங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது மச்சான்காரன் கயிற்றை விடமாட்டான். சந்தனம்மாளின் அண்ணன் சுருளியாண்டி மயிலாடும்பாறையிலிருந்து வருகிறேன் என்றுதான் சொன்னான். "ஒரே வயித்துல பொறந்தவன் நான் இருக்கையில மச்சான் எதுக்குண்ணே?" என்று பேச்சிமுத்து குறுக்கே விழுந்தான். கோட்டைச்சாமி நம்பிவிட்டான்.

கோட்டைச்சாமி கிணற்றில் முங்கின அன்றைக்குக் கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் வந்தவள் தன் கண்ணால் பார்த்தாள். காத்துப் பெட்டியின் கைப்பிடியில் பேச்சிமுத்துவின் கை இல்லை. இரண்டு கையையும் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு குத்தவைத்திருந்தான். அவனுக்கு முன்னால் கயிறு துள்ளியது, துள்ளியது, துள்ளிக்கொண்டே இருந்தது. அது அடங்கின பிறகுதான் "ஐயோ அண்ணே!" என்று ஊர் கேட்கக் கத்தினான். பெட்டி இறுகிக்கொண்டதாகச் சொன்னான்.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஊரில் சொன்னால் ஊர் ஒரு நாள் உச்சுக்கொட்டிவிட்டுப் போய்விடும். அவளுக்கு வேண்டியது அந்த ஆளின் மூச்சு. அண்ணன் இடத்தைத் தனக்கென்று பேசி வாங்கிக்கொண்ட பேச்சிமுத்து, கடைசியில் தானாகவே வந்து மாட்டினான். "எனக்கு ஏது மச்சான்? பொண்டாட்டி கயிறு பிடிச்சா அதவிடக் காவல் உண்டா? எவளாச்சும் தன் தாலியத் தானே அறுப்பாளா?" என்று சிரித்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றாள்.

யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. கிணற்றடியில் தனியாக நிற்கும்போது செத்தவனிடம்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. மனசு தெரியாமலா இருக்கும் அவுகளுக்கு என்று இருந்துவிட்டாள்.

பயணத்துக்கு முன்னால் அவன் முங்கிப் பழக, உச்சிப்பொழுதுக்குத் தோட்டத்துக்குப் போனார்கள். தென்னை மட்டை ஒன்றுகூட அசையவில்லை, அணில் சத்தமில்லை, தண்ணீர் இறைக்கிற கமலை மாடுகளை அவிழ்த்துவிட்டிருந்ததால் வழக்கமாகக் கேட்கிற சகடை உருளையின் கிறீச்சொலியும் இல்லை. கரும்பாறையைக் குடைந்து இறங்கிய கிணற்றுக்குள்ளிருந்து குளிர்ந்த பாசி வாடை மட்டும் படிப்படியாக ஏறி வந்து அவள் கணுக்காலைத் தொட்டுவிட்டு நின்றது.

பேச்சிமுத்து சட்டைக்குள் காலை நுழைத்தான். "என்ன இது, உள்ள வெதுவெதுன்னு இருக்கு?"

"வெயில்ல கெடந்துச்சுல்ல" என்றாள்.

அது இருட்டறையில் கிடந்தது. அவள் கையை விட்டுப் பார்த்தாள். ஒருத்தர் படுத்தெழுந்த பாய்போல உள்ளே சூடு இருந்தது. செம்புத் தலையைத் தூக்கியபோது கண்ணாடியின் உட்பக்கம் நகக்கீறல்கள் தெரிந்தன. அன்றைக்கு உள்ளது என்று நினைத்துக்கொண்டாள். அவள் அன்றைக்கே அந்தக் கண்ணாடியைத் துடைத்து வைத்தவள். அப்போது இத்தனை கீறல் இல்லை.

"பாத்துப் பிடி மதினி" என்றான். அவள் செம்புத் தலையைக் கவிழ்த்துக் கழுத்துத் திருகாணியை முடுக்கினாள். அதற்குமேல் அவன் பேசியது கேட்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது. ஈயச் செருப்பு படியில் தட்டித் தட்டி இறங்கியது. தண்ணீர் அவனை மூடிக்கொண்டது.

அவள் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு வலது கையால் பெட்டியை அடித்தாள். தோல் வாரைப் பிடித்து இழுக்கும்போது ஒரு பெருமூச்சு, அழுத்தும்போது ஒரு கனைப்பு. பழகின கனைப்பு. வாசலில் செருப்பைக் கழற்றும்போது கோட்டைச்சாமி கனைப்பதுபோல. அவள் கையை நிறுத்திக் கேட்டுவிட்டு மறுபடி அடித்தாள்.

தண்ணீரில் காற்றுக் கொப்புளம் வந்துகொண்டிருந்தது. நடுவில், குழாய் இறங்கிய இடத்தில். அப்புறம் கிழக்கு மூலையிலும் வந்தது.

முங்கினவன் ஒருத்தன்தானே.

நடுவில் ஒரு கொத்து. மூலையில் ஒரு கொத்து. மூலையில் வந்தது மெள்ள மெள்ள நடுவை நோக்கி நகர்ந்தது. அவளுடைய பயத்துக்குள்ளேயே ஒரு சந்தோசமும் புகுந்தது. தனியாகச் செய்ய இருந்த காரியத்துக்குத் துணை வந்துவிட்டது.

"வந்துட்டீகளா?" என்று முணுமுணுத்தாள்.

கைப்பிடியை விட்டாள். இரண்டு கையையும் தொடையிடுக்கில் செருகிக்கொண்டு, அவன் அன்றைக்கு உட்கார்ந்த மாதிரியே குத்தவைத்தாள். கயிறு துள்ளியது. மணிக்கட்டை அறுத்தது. துள்ளு. நல்லாத் துள்ளு. எங்க அவுக துள்ளினாகளே, அதுபோலத் துள்ளு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள், சிரிக்கும்போதே கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

நடுக் கொப்புளம் நின்றது. கயிறு தொய்ந்தது.

மூலைக் கொப்புளம் நிற்கவில்லை.

அது படிக்கட்டுப் பக்கம் வந்தது. காத்துப் பெட்டியின் கைப்பிடி தானாக எழும்பியது. இறங்கியது. கனைத்தது.

நடுத் தண்ணீரில் ஒரு முதுகு மிதந்து வந்தது. வெறும் முதுகு. சட்டையில்லை, செம்புத் தலையில்லை, குப்புறக் கிடந்தது பேச்சிமுத்து. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். திருகாணியை அவள்தான் முடுக்கினாள். வெளியிலிருந்துதான் அதைக் கழற்ற முடியும்.

டொக்.

ஈயச் செருப்பு. படியில்.

டொக்.

செம்புத் தலை தண்ணீரை விட்டு எழுந்தது. தோள். நெஞ்சு. நீர் ஒழுகும் கை. எழுந்து ஓட நினைத்தாள். கயிறு கையில் சுற்றியிருந்தது, அதன் மறுமுனை அந்தச் சட்டையின் இடுப்பில் இருந்தது.

அது மேல்படிக்கு வந்து அவள் எதிரே உட்கார்ந்தது. கண்ணாடிக்குள் கோட்டைச்சாமி. அன்றைக்குத் தூக்கிக் கரையில் போட்டபோது இருந்த அதே முகம், நீலம் பாரித்த உதடு, மூடாத கண். அந்தக் கண் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தது. பேச்சிமுத்து கட்டின தாலியை.

"இல்ல... இல்லய்யா! ஒங்களுக்காகத்தான் கட்டிக்கிட்டேன்! இந்தக் கயித்தப் பிடிக்கத்தான்யா கட்டிக்கிட்டேன்!"

கண்ணாடியில் வாயை வைத்துக் கத்தினாள். அவள் மூச்சுப் பட்டு வெளிப்பக்கம் வெளுத்தது. உட்பக்கம் தெளிவாகவே இருந்தது. உள்ளே தண்ணீர், காதுக்கு மேலே வரைக்கும் தண்ணீர். செம்பை அறைந்தாள். அதில் அவள் கை வலித்ததே தவிர, முகம் திரும்பவில்லை.

"கேக்கலையா? அய்யா, கேக்கலையா ஒங்களுக்கு?"

ஊறிப்போன விரல் இரண்டு நீண்டு தாலியைப் பிடித்தன. ஒரே இழுப்பு. கிணற்றுக்குள் அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. அந்த விரல்களே அவள் கையிலிருந்த கயிற்றுச் சுற்றை ஒவ்வொன்றாக, பதனமாகப் பிரித்தன. அவளுக்கு ஒரு நொடி மூச்சு வந்தது. விட்டுவிட்டார் என்று நினைத்தாள்.

அது கயிற்றை அவள் கழுத்தில் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோனது. ஈரக் கை பிடரியில் பட்டது.

ஒரு முடிச்சு.

இரண்டு.

மூன்று.

பிறகு எழுந்து, திரும்பி, முதல் படியில் காலை வைத்தது.

டொக்.

கயிறு நேரானது.