ஷாரோனின் வயது

அந்தக் கட்டத்தில் நான்கு என்றே இருந்தது. ஏழு என்று மாறியிருக்க வேண்டும்.

அன்பரசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். மகள் ஷாரோன் பிறந்தபோது அவளே போட்ட எக்செல் ஷீட் அது. பிறந்த தேதியிலிருந்து வயதைத் தானே கணக்குப் போட்டுச் சொல்லும். அந்த வயதில் பிள்ளை எவ்வளவு உயரம் இருக்கும் என்று பக்கத்துக் கட்டத்தில் காட்டும். மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றின் அலுவலகத்தில் பகலெல்லாம் ஃபார்முலாக்களோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். ஃபார்முலாவில் பிசகில்லை. ஆனால் அது ஓடவில்லை.

இன்று ஷாரோனுக்குப் பிறந்தநாள். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்னால் அலை அவளை இழுத்துக்கொண்டு போனபிறகு வரும் மூன்றாவது பிறந்தநாள். உடல் கிடைக்கவேயில்லை.

மாலைதான் என்றாலும் மழை மூட்டத்தில் வீட்டுக்குள் இருட்டு அப்பிக்கிடந்தது. கரண்ட் போயிருந்தது. மடிக்கணினியின் நீல வெளிச்சம் எட்டிய மட்டும் சுவர் ஈரமாய் மினுங்க, ஜன்னல் வழியே கருவாட்டு நெடி உள்ளே வர, மாடித் தகரத்தில் மழை கொட்டும் சத்தத்துக்கும் அடியில் கடல் விடாமல் உறுமிக்கொண்டிருந்தது.

செங்கல்பட்டில் வேலையிலிருந்த கணவன் பெஞ்சமினைப் போனில் அழைத்தாள்.

"இன்னா அன்பு, கரண்டு போச்சா?"

"ஷாரோன் ஷீட்ட நீ தொட்டியா?"



"நான்தான் தானா கணக்குப் போடாம மேனுவலுக்கு மாத்தி வெச்சேன். அவ கடலோட போன அந்த வாரமே. அஞ்சுன்னு மாறுனா நீ தாங்க மாட்ட. புள்ள நாலுலயே இருந்துட்டுப் போட்டும்னு..."

"எம் புள்ளைக்கு இன்னா வயசுன்னு கூட நான் தெரிஞ்சிக்கக் கூடாதா?"

"அத்த அப்படியே வுட்டுடும்மா. நான் கெளம்பி வந்துகினே கீறேன்."

போனை வைத்தாள்.  அவன் மேல் கோபமில்லை. மூன்று வருஷமாக அவனும் தனியாகத்தான் அழுதிருக்கிறான். ஆனாலும் கை நிற்கவில்லை. மறுகணக்குப் போடும் விசையை அழுத்தினாள்.

ஐந்து.

ஏழு இல்லை. ஐந்து. எந்தக் கணக்கிலும் அப்படி வராது.

படுக்கையறைப் பக்கமிருந்து சொட்டுச் சொட்டாய் ஏதோ வழியும் சத்தம். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஷாரோனைக் கதவோரம் நிற்கவைத்து உயரம் குறித்த பென்சில் கோடுகள் நிலைச்சட்டத்தில் அப்படியே இருந்தன. கடைசிக் கோட்டுக்கு மேலே புதிதாக ஒரு கோடு. பென்சில் இல்லை, தண்ணீர். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. கோட்டின் மேல் கன்னத்தை வைத்து விம்மினாள். வளர்ந்திருக்கிறாள். எங்கேயோ, அந்தக் கறுப்புத் தண்ணீருக்குள், என் பிள்ளை வளர்ந்திருக்கிறாள்.

மறுபடி அழுத்தினாள்.

ஆறு. கோடு இன்னும் மேலே. அதன் பக்கத்தில் சின்னச் சின்ன விரல்களின் ஈரத்தடம். பாசி நாற்றம் அறையை நிறைத்தது.

"ஷாரோன்?"

மழை சட்டென்று நின்றதுபோல் ஓர் அமைதி. கடல் சத்தமும் இல்லை.

 போதும் என்று ஒரு மனம். ஒரே ஒருமுறை பார்த்துவிடேன் என்று இன்னொரு மனம்.

அழுத்தினாள்.

ஏழு.

கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். இழுத்து. திணறி.

"அம்மா..."

அதே குரல்.

"அம்மா, டைட்டா கீதும்மா."

கதவைத் தள்ளினாள். கடலுக்குப் போன அன்று மாட்டிவிட்ட மஞ்சள் கவுன். நாலு வயதுக்கு எடுத்தது. உள்ளே ஏழு வயது உடம்பு. தையல் சதைக்குள் புதைந்திருந்தது. கழுத்துப்பட்டி தொண்டையை இறுக்கி, முகம் நீலம் பாரித்திருந்தது.

"கயட்டி வுடும்மா."

மடிக்கணினியைத் தரையில் வைத்துவிட்டுப் பாய்ந்தாள். மண்டியிட்டாள். ஜில்லென்ற முதுகு. கொக்கிகளைத் தேடினாள். கொக்கிகள் இல்லை. அவற்றை மூடித் தோல் வளர்ந்திருந்தது. நகத்தால் கீறினாள். உப்புத் தண்ணீர் வழிந்தது.

பின்னால் வெளிச்சம் துடித்தது. யாரும் விசையைத் தொடவில்லை.

எட்டு.

அவள் கைகளுக்குள்ளேயே அந்த எலும்புகள் நீண்டன. கவுன் நீளவில்லை.

"தோ கண்ணு, தோ ஆச்சு..."

ஒன்பது.

அம்மா சட்டை கழற்றும்போது எப்போதும் தூக்குவதுபோல் ஷாரோன் கைகளைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. வாயை மட்டும் அகலத் திறந்தபடி, அம்மாவின் தலைக்கு மேலே, அவள் வளர்ந்துகொண்டே போனாள்.