கழுதைக் காது அளவு

ஊர் என்பதே உலகத்துக்குப் புதிதாக இருந்த காலம் அது. அதற்கு முன் மனிதர்கள் ஓரிடத்தில் நிலையாக இருந்ததில்லை. மேய்ச்சல் தீர்ந்தால் கிளம்புவார்கள். ஆறு பெருகினால் கிளம்புவார்கள். சட்டி, பானை, ஆடு, குழந்தை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள்.

அப்படி நடந்து நடந்து கால் சலித்துப்போன இரண்டு கூட்டத்தார் ஓர் ஆற்று வளைவில் வந்து தங்கினார்கள். ஒரு கூட்டம் இருந்த இடம் மேலத்தெரு ஆயிற்று. இன்னொன்று கீழத்தெரு. நடுவில் பொதுவாக ஒரு களஞ்சியம் கட்டி, விளைந்த தானியத்தை அதில் கொட்டி வைத்தார்கள்.

கீழத்தெருவில் செங்கல் சூளை நடத்தும் அம்மா ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பத்து வயதில் ஒரு மகள். எப்போதும் எதையாவது சுமந்துகொண்டு ஓடியதால் எல்லாரும் அவளை எறும்பு என்றே கூப்பிட்டார்கள். எறும்பின் தோழி மேலத்தெருவில் இருந்தாள். அவள் பெயர் தவளை. உண்மையான தவளையாவது மழைக்காலத்தில் மட்டும்தான் கத்தும். இவள் வாய்க்கு வெயில் காலத்திலும் ஓய்வில்லை.

அந்த வருடம் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "ஆறு பெருகினா நாம ஓடிடலாம். களஞ்சியம் ஓடுமா?" என்று ஒருவர் கேட்டார். களஞ்சியம் ஓடாது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எனவே ஆற்றங்கரையில் ஒரு சுவர் கட்டுவது என்று முடிவானது.

ஆறு நேராக வந்து மோதும் இடத்தில் வேலையைத் தொடங்கினார்கள். அங்கிருந்து மேற்கே மேலத்தெரு கட்டும். கிழக்கே கீழத்தெரு கட்டும். இரண்டு தெருவும் மண் குழைத்து, கையாலேயே கல் பிடித்துக் காயவைத்து, அம்மாவின் சூளையில் சுட்டு எடுத்தார்கள்.

பத்தாவது நாள்தான் வம்பு வந்தது.

மேலத்தெரு ஏழு வரிசை வைத்திருந்தது. கீழத்தெரு பத்து வரிசை வைத்திருந்தது. ஆனால் இரண்டு சுவரும் ஒரே உயரம்! ஒரு பக்கத்து வரிசைக்கும் மறுபக்கத்து வரிசைக்கும் பொருத்தமே இல்லை. இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு நீண்ட இடுக்கு விழுந்திருந்தது. அதில் ஓர் ஆடு தலையை விட்டுக்கொண்டு, எடுக்கத் தெரியாமல் கத்தியது.

"சேத்தை அப்பி அடைச்சிடலாம்," என்றார் ஒருவர். அடைத்தார்கள். எறும்பு ஒரு குடம் தண்ணீரை எடுத்து அந்த இடத்தில் ஊற்றிப் பார்த்தாள். சேறு கரைந்து, தண்ணீர் மறுபக்கம் போய்விட்டது.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். செங்கல்லின் நீளம் ஒரு சாண், உயரம் நாலு விரல். இது இரண்டு தெருவுக்கும் பொது வழக்கம். ஆனால் யாருடைய சாண், யாருடைய விரல்? அந்தந்தத் தெருவில் மூத்தவருடைய கைதான் அளவு. மேலத்தெருவில் மூத்தவர் மீசைத் தாத்தா. அவர் கையை விரித்தால் ஒரு முறம் அளவு இருக்கும். கீழத்தெருவில் மூத்தவர் எறும்பின் மாமா. குள்ள மாமா என்று பெயர். கையும் ஆளைப் போலத்தான்.

"கல்லுன்னா என் சாண் அளவுல இருக்கணும்," என்றார் மீசைத் தாத்தா. "என் அப்பா கையும் இப்படித்தான் இருந்துச்சு."

"எங்க அப்பாவுக்கும் கை இருந்துச்சு!" என்றார் குள்ள மாமா.

"இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரிஞ்சுதா?"

அவ்வளவுதான். குள்ள மாமா தன் கையிலிருந்த கல்லைக் கீழே போட்டுவிட்டு நடையைக் கட்டினார். மீசைத் தாத்தாவும் விடவில்லை.

"ஆறு பெருக இன்னும் முப்பது நாள் இருக்கு. தண்ணி வர்றதுக்கு முன்னாடி எங்க தெரு கிளம்பிடும். இந்தத் தடவை திரும்பி வர மாட்டோம். சேர்ந்து வாழறதாம், சேர்ந்து!"

தவளை அவருடைய பேத்தி. அன்று முழுவதும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பார்த்து எறும்புக்குப் பயமாகிவிட்டது. இதற்கு முன்பும் அவளுக்குத் தோழிகள் இருந்தார்கள். ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் ஒருத்தியை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். இந்த முறை அப்படி விடக்கூடாது என்று அவளுக்கு அழுகையே வந்தது.

மறுநாள் எறும்பு சூளைக்குப் போனாள். அம்மா சுட்ட கற்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாரு இந்தக் கொடுமையை. ஒரே சூளையில ரெண்டு அளவு கல்லு. மாமாவோட கல்லு கருகிப் போச்சு. அந்தப் பெரியவரோட கல்லு உள்ள வேகவே இல்ல. நான் எந்தக் கல்லுக்குன்னு தீ மூட்டுறது?"

"ஒரே அளவா இருந்தா நல்லதா அம்மா?"

"நல்லதாவா? நான் கொஞ்சம் தூங்கவாவது செய்வேன்!"

எறும்பு ஓடிப்போய்த் தவளையைக் கூட்டிவந்தாள். இரண்டு பேரும் ஈர மண்ணின் முன்னால் உட்கார்ந்தார்கள்.

"பெரியவங்க கை வேணாம். நம்ம கையால அளப்போம்," என்றாள் எறும்பு. கையை விரித்து மண்மேல் வைத்தாள்.

"ஏன் உன் கை? என் கையை வைக்கலாமே," என்றாள் தவளை.

"நான்தானே முதல்ல சொன்னேன்?"

"சொன்னா? மேலத்தெருவுக்குக் கை இல்லையா?"

இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். சற்று நேரம் கழித்து எறும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாமளும் தாத்தாவும் மாமாவும் ஆயிட்டோம், பாத்தியா?"

தவளையும் சிரித்தாள். "உனக்கு மீசைதான் குறைச்சல்."

"யாரு கையை வெச்சாலும் இன்னொருத்தர் கோவிச்சுக்குவாங்க. எந்தத் தெருவையும் சேராத ஒரு ஆளு வேணும்," என்றாள் எறும்பு.

அந்த ஊரில் அப்படி ஓர் ஆள் எங்கே கிடைப்பான்? அப்போது பக்கத்தில், மண்ணில் கலக்க வைத்திருந்த வைக்கோலை யாரோ தின்னும் சத்தம் கேட்டது. கழுதை. எங்கிருந்தோ தானாக வந்து சேர்ந்த கழுதை அது. காலையில் மேலத்தெருவுக்கு மண் சுமக்கும், மாலையில் கீழத்தெருவுக்குச் சுமக்கும். இரண்டு தெருவிலும் திட்டு வாங்கும்.

எறும்பும் தவளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுக்குச் சாண் இல்லையே," என்றாள் தவளை.

"காது இருக்கே!"

கழுதையின் காதை அளப்பது லேசான வேலை இல்லை. கயிற்றைக் கொண்டுபோனால் தலையை ஆட்டியது. பிடித்தால் துள்ளியது. கடைசியில் தவளை அதன் முன்னால் நின்று விடாமல் பேச ஆரம்பித்தாள். நேற்று முழுவதும் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் பேசினாள். கழுதை அசந்துபோய் நின்றுவிட்டது. எறும்பு அடியிலிருந்து நுனிவரை கயிற்றை வைத்து அளந்து, அந்த அளவுக்கு அறுத்துக்கொண்டாள்.

அதுதான் கல்லின் நீளம். கயிற்றை இரண்டாக மடித்தாள். அது அகலம். இன்னொரு முறை மடித்தாள். அது உயரம்.

அம்மா விஷயத்தைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கயிற்றை வாங்கி மடித்தும் பிரித்தும் பார்த்தாள். போய் நாலு பலகைத் துண்டுகளை எடுத்துவந்து, அந்த அளவுக்கு ஒரு சட்டம் கட்டினாள். சட்டத்துக்குள் மண்ணை அழுத்தி, மேலே வழித்துவிட்டு, சட்டத்தைத் தூக்கினால் போதும். கல் தயார். அடுத்ததும் அதே போல. அதற்கு அடுத்ததும் அதே போல.

ஆறு நாள் காயவைத்துச் சுட்டதும், ஐம்பது கற்களைக் கழுதைமேல் ஏற்றிக் களஞ்சியத்தின் முன்னால் கொண்டுவந்தார்கள். மேலத்தெருவில் மூட்டை கட்டும் வேலை தொடங்கியிருந்தது. தவளை தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். எறும்பு மாமாவை இழுத்துவந்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார்கள்.

எறும்பு கற்களை அடுக்கினாள். ஒரு வரிசை நீளவாக்கில், இரண்டிரண்டாக. அதன்மேல் ஒரு வரிசை குறுக்காக. குறுக்காக வைத்த இரண்டு கல் நீளமாக வைத்த இரண்டு கல்மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு விரல்கூட நுழைய இடம் இல்லை. வானத்தைப் பார்த்த இரண்டு பேரும் மெல்லக் கீழே பார்த்தார்கள்.

"யாரோட சாண் இது?" என்று கேட்டார் மீசைத் தாத்தா. "உங்க மாமா கையா?"

"இல்ல தாத்தா."

"அப்போ அவரோட கையா?" என்றார் குள்ள மாமா.

"இல்ல மாமா. இதோட காது."

எறும்பு கழுதையைக் காட்டினாள். இவர்கள் கோபித்துக்கொண்டு போய்விட்டால் எல்லாம் முடிந்தது.

"எங்க அப்பா கையை விட்டுட்டுக் கழுதைக் காதையா பிடிக்கச் சொல்ற?" என்றார் மீசைத் தாத்தா. மீசை துடித்தது.

"தாத்தா, மாமா கையை வெச்சா நீங்க தோத்துட்டதா நினைப்பீங்க. உங்க கையை வெச்சா மாமா நினைப்பாரு. கழுதைகிட்ட யாருக்குப் போட்டி?"

அதற்குள் கழுதை மாமாவின் தோளிலிருந்த துண்டைத் தின்னப் பார்த்தது. துண்டைப் பிடுங்கிக்கொண்டே மாமா சொன்னார்: "எனக்குக் கழுதைமேல ஒரு வருத்தமும் இல்ல. துண்டைத் தவிர."

மீசைத் தாத்தாவின் மீசைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று புரிய எல்லாருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது.

"கட்டுவோம். ஆனா சுவர் ஒழுகிச்சுன்னா நாங்க போயிடுவோம்," என்றார்.

பழைய சுவரைப் பிரித்தார்கள். அந்தக் கற்களை வீணாக்காமல் இரண்டு தெருவிலும் பரப்பினார்கள். முதல் முறையாக அந்த ஊரார் சேறு மிதிக்காமல் நடந்தார்கள். அம்மாவின் சட்டத்தைப் பார்த்து இருபது சட்டம் செய்தார்கள். ஒருவர் செய்த கல் இன்னொருவர் கல்லோடு சேர்ந்தது. மேலத்தெருக் கல் எது, கீழத்தெருக் கல் எது என்று அம்மாவுக்கே தெரியவில்லை. சூளையில் ஒன்றுகூடக் கருகவில்லை.

சுவர் முடிந்த மூன்றாம் நாள் ஆறு பெருகியது. மேலத்தெருக்காரர்கள் மூட்டைகளோடு களஞ்சியத்தின் பக்கத்தில் நின்றார்கள். செந்நிறத் தண்ணீர் சுவரில் வந்து மோதியது. ஏறியது. பாதிச் சுவருக்குமேல் வந்து நின்றது. மீசைத் தாத்தா சுவர் ஓரமாக நடந்து, ஒவ்வொரு இணைப்பாக உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எறும்பு அவருடைய முகத்தையே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு பெரிய மீசை.

நாலு நாள் நின்ற தண்ணீர் ஐந்தாம் நாள் வடிந்தது. களஞ்சியத்தில் ஒரு பிடி தானியம்கூட நனையவில்லை. ஆனாலும் மேலத்தெருக்காரர்களின் மூட்டைகள் அவிழவில்லை.

அடுத்த நாள் காலை மீசைத் தாத்தா சூளைக்கு வந்தார். கூடவே தவளையும் வந்தாள்.

"பன்னிரண்டு கல் வேணும்மா," என்றார்.

"இன்னும் எதுக்குங்க? சுவர்தான் முடிஞ்சிடுச்சே," என்றாள் அம்மா.

"அடுப்பு கட்டணும்."

அம்மா கையிலிருந்த மண்ணைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மேலத்தெருக்காரர்கள் அதுவரை மூன்று கூழாங்கல்லை வைத்துத்தான் சமைத்து வந்தார்கள். கிளம்பும்போது அப்படியே விட்டுவிட்டுப் போவதற்கு அது வசதி. கட்டின அடுப்பை யாரும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள்.

எறும்பு ஓடிப்போய்க் கற்களைச் சுமந்துவந்து அடுக்கினாள். மறுபடி ஓடினாள். மறுபடியும் அடுக்கினாள்.

"போதும் போதும்! பன்னிரண்டுதானே கேட்டேன்?" என்றார் தாத்தா.

"பெரிய அடுப்பாவே கட்டுங்க தாத்தா!" என்றாள் எறும்பு.