வெள்ளகோவில் சொம்பு

"எங்க அத்தைதானுங்க வெஷம் வெச்சிருக்கு."

வந்ததிலிருந்து தரணீதரன் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். காதர்பேட்டை பனியன் கடைகளுக்கு மேலே இருந்த சின்ன அலுவலகத்தில், துப்பறிவாளர் ஜெயபாரதி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை வர்ஷினியின் கல்யாணத்துக்காக, அப்பா திருமூர்த்தியைக் காரில் ஏற்றிச் சொந்தக்காரர் வீடு வீடாகப் பத்திரிகை வைக்கக் கூட்டிப்போயிருக்கிறான். கடைசியாக வெள்ளகோவில். நிலத்தகராறில் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அத்தை சின்னாத்தாள் வீடு. திரும்பும் வழியில் அப்பாவுக்குப் பேச்சு குழறி, வலிப்பு வந்து, இப்போது ஐ.சி.யூ.வில் கிடக்கிறார்.

"டாக்டர் என்ன சொல்றாருங்க?"

"ரத்தத்துல உப்புக் கொறைஞ்சிருச்சாம். அதுக்கு வலிப்பு வருங்களா? வெஷந்தானுங்க. ஆதாரம் புடிச்சுக் குடுங்க, போலீஸுக்குப் போறேன்."

ஜெயபாரதிக்கு எரிச்சலாக வந்தது. ஐரோப்பாவுக்கு டி-ஷர்ட் அனுப்புகிறவனுக்கு டாக்டர் சொன்னது மட்டும் காதில் ஏறவில்லை.

"அத்தை ஊட்டுக்குள்ள நீங்க போனீங்களா?"

"எந்த ஊட்டுக்குள்ளயும் போகலைங்க. வாசல்ல நின்னு, சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையர்கிட்ட போன் பேசிட்டிருந்தேன். அதுவரைக்கும் அப்பா ஜம்முனு இருந்தாரு. எப்பவும் மூத்திரத்துக்கு அங்கங்க காரை நிறுத்தச் சொல்றவரு, அன்னைக்கு ஒரு எடத்துலகூடச் சொல்லலை."

அப்பா அன்று போட்டிருந்த சட்டையையும் கொண்டுவந்திருந்தான். உதவியாளன் முனீஸ் ஆவலாக உதறியதில் ஒரு மாத்திரை அட்டை விழுந்தது. "வெசம் மேடம்" என்றான்.

"அது ராத்திரி அடிக்கடி எந்திரிக்காம இருக்கறதுக்குங்க. படுக்கப்போறப்ப ஒண்ணு" என்றான் தரணீதரன்.

அட்டையில் டெஸ்மோபிரெசின் என்றிருந்தது. ஜெயபாரதி உடனே டாக்டருக்குப் போன் செய்து பேசினார். பிறகு, "அன்னைக்குப் போன வழியிலயே போலாம், வாங்க" என்று எழுந்தார்.

ஒவ்வொரு வீட்டிலும் உட்காருவதற்குள் சொம்புத் தண்ணீர் நீண்டது. வேண்டாம் என்றால் வீட்டாரை மதிக்கவில்லை என்றாகிவிடும். ஜெயபாரதி ஒரு வாய் குடித்தார். முனீஸ் எல்லாவற்றையும் காலி செய்தான். அப்புறம் மண்ணரையைத் தாண்டியதும் காரை நிறுத்தச் சொன்னான். காங்கேயத்துக்கு முன்னாலும் பின்னாலும் சொன்னான். "மறுபடியுமா?" என்று தரணீதரன் ஸ்டியரிங்கில் குத்தினான்.

வெள்ளகோவிலில் அழுது வீங்கிய கண்ணோடு சின்னாத்தாள் சொம்புடன் வந்தார். "மொதல்ல தண்ணி குடிங்க, அம்மிணி." தரணீதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"முனீஸ் எத்தனை தடவை எறங்குனான்னு பாத்தீங்க. உங்கப்பாவும் இதே தண்ணியத்தானுங்க குடிச்சாரு. அது எங்க போச்சு?" என்று ஜெயபாரதி கேட்டார்.

தரணீதரன் முனீஸைத் திரும்பிப் பார்த்தான்.

"ராத்திரி போடற மாத்திரை, பகல்ல போட்ட சட்டையில எதுக்கு? அது நம்ம ஒடம்புல சுரக்கற ஹார்மோன் மாதிரியே செயற்கையாச் செஞ்சது, மூத்திரத்தைக் கொறைக்கும். பத்திரிகை வெக்கப் போற ஊட்டுல பாத்ரூம் கேக்கக் கூச்சப்பட்டுக் காலையிலயும் போட்டிருக்காரு. அதைப் போட்டாத் தண்ணியக் கொறைக்கணும். குடிச்ச தண்ணி வெளிய போகாம உள்ளயே தங்கி, ரத்தத்துல இருக்கற உப்போட அளவைக் கொறைச்சிருச்சு. டாக்டரும் அதேதான் சொல்றாரு. மாத்திரையை நிறுத்திட்டாங்க, அப்பா கண்ணு முழிச்சுட்டாருன்னு இப்பத்தான் போன் வந்துச்சு."

"இங்கயும் ரெண்டு சொம்பு குடிச்சுதுங்க அண்ணன்" என்றார் சின்னாத்தாள். "ரெண்டாவது நான் குடுக்கலைங்க. 'உன் ஊட்டுத் தண்ணி குடிச்சு எத்தனை வருசமாச்சு, இன்னொரு சொம்பு குடு ஆத்தா'ன்னு அதுவாக் கேட்டு வாங்குச்சு."

தரணீதரன் மெல்ல எழுந்து, அத்தையின் கையிலிருந்த சொம்பை வாங்கி அண்ணாந்தான். தண்ணீர் சட்டையெல்லாம் வழிந்தது.

சின்னாத்தாள் சட்டென்று சொம்பைப் பிடித்தார்.

"பாதி போதுஞ் சாமி."