இரைச்சல் நீக்கம்

அமெரிக்காவின் அனடார்கோ ஊர்ப் பிள்ளைகள் இப்போதெல்லாம் தங்கள் பழங்குடி மொழியான விச்சிட்டாவில்தான் சண்டை போட்டார்கள். யார், எதை, எத்தனை, நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்று அனைத்தையும் ஒரே நீள வினைச்சொல்லில் கோத்து, உதடு ஒட்டாமலே வீசிக்கொள்வார்கள். பேச ஆளின்றி அழிந்துபோயிருந்த மொழி. பழைய ஒலிநாடாக்களிலிருந்து அதை மீட்டுக் கொடுத்தது பூங்கோதை உருவாக்கிய மொழிமீட்பி என்ற கணினி நிரல். ஆறு வருடத்தில் அறுநூறு பிள்ளைகள்.

அப்போதுதான் வெர்னா வந்தாள். எண்பத்து நான்கு வயது. வேறு மாநிலத்து முதியோர் இல்லத்தில் இருந்தவளுக்கு இந்த மொழி தெரியும் என்பதே யாருக்கும் தெரியாது. தங்கை இறந்த பிறகு முப்பது வருடமாக அவளோடு அதில் பேச ஒருவரும் இல்லை. செய்தியில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாள்.

வகுப்பில் உட்கார மொழிமீட்பியின் தேர்வில் தேற வேண்டும். கலப்படம் நுழையக் கூடாதென்று பூங்கோதையே போட்ட விதி.

"கோதைக்கா, அந்தம்மா ஃபெயில்!" உதவிப் பொறியாளன் இளம்பரிதி சிரித்தான். "நூத்துக்கு முப்பத்தொண்ணு. ஒவ்வொரு வாக்கியமும் முடியறப்ப புஸ்ஸுன்னு காத்து விடறாங்க. பல்செட்டு லூஸ் போல."

பூங்கோதை கேட்டாள். பேச்சு முடியும் இடத்து உயிரெழுத்தில் குரல் இல்லை. வெறும் மூச்சு, ஆனால் உயிரெழுத்தின் வடிவத்தில். பழைய நாடாக்களைத் தேடி எடுத்தாள். அங்கேயும், நாடாவின் இரைச்சலுக்கு அடியில், அதே மூச்சு. இரைச்சல் என்று நினைத்து அவள்தான் துடைத்திருந்தாள். அந்தச் சுத்தத்துக்காகப் பாராட்டும் வாங்கியிருந்தாள்.

"தப்பு உங்க மேல இல்ல," என்றாள் வெர்னாவிடம். "என் மேல. எல்லாத்தையும் நிறுத்திட்டு, முதல்லேருந்து சொல்லிக் கொடுக்கலாம்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"நாலு வருஷம். அஞ்சுகூட ஆகலாம்."

வெர்னா ஜன்னல் வழியே பிள்ளைகளைப் பார்த்தாள். "காலையில அந்தச் சின்னவகிட்ட பேசினேன். ஏன் இப்படி மூச்சு வாங்குதுன்னு கேட்டுச் சிரிச்சா. அவ பேசினது எனக்குப் புரிஞ்சுது பொண்ணே. முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தி என்கிட்ட பேசியிருக்கா." திரும்பினாள். "அவங்க மாதிரியே பேச எனக்குக் கத்துக்கொடு."

பூங்கோதை மறுத்திருக்கலாம். சரியென்று தலையாட்டினாள். தன் தவறு இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்று உள்ளே எங்கோ ஒரு நிம்மதி எழுந்ததை உணர்ந்தபோது, தன்னையே அவளால் பார்க்க முடியவில்லை.

நான்கு நாள் பழகினார்கள். ஐந்தாம் நாள் வெர்னா மொழிமீட்பியின் முன் நின்று ஒரு நீண்ட சொல்லைச் சொன்னாள். கடைசி இடம் வந்ததும், தண்ணீருக்குள் முங்குகிறவள் போல மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தொண்ணூற்றாறு.

பெஞ்சில் இருந்த சின்னவள் நகர்ந்து உட்கார்ந்து அவளுக்கு இடம் விட்டாள்.