நீதிச்செவியிடம் சொன்னது

கோகிலவாணி முன்னால் வந்து உட்கார்ந்ததும் நீதிச்செவி எப்போதும் சொல்வதையே சொன்னது: "எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். முழுதும் தெரிந்தால்தான் என்னால் உதவ முடியும்."

வக்கீல் தொழிலையே அரசு ஒழித்துவிட்டதால் அவரவர் வழக்கை அவரவரே வாதாட வேண்டியிருந்தது. பணக்காரனுக்குப் பெரிய வக்கீல், ஏழைக்குக் கிடைத்தவர் என்ற பேதம் ஒழிந்ததென்று, அந்தச் சட்டம் வந்த அன்று ஊரே வெடி வெடித்துக் கொண்டாடியது. பொதுச் சட்ட நூலகங்களில் நீதிச்செவி என்ற பேசும் இயந்திரங்கள் வந்தன. எல்லாச் சட்டமும் எல்லாத் தீர்ப்பும் அவற்றுக்குத் தெரியும். வாயால் கேட்டால் போதும், எப்படி வாதாடுவதென்று சொல்லிக்கொடுக்கும். கட்டணம் கிடையாது.

கோகிலவாணிக்கு மஞ்சள் ஆலையில் வேலை. பிரிந்துபோன கணவன் லோகநாதன், ஐந்து வயது மகள் நிறைமதி தன்னிடம்தான் வளர வேண்டுமென்று வழக்குப் போட்டிருந்தான். வேலை முடிந்ததும் மஞ்சள் படிந்த கையோடு நூலகத்துக்கு வந்து அவள் சட்டம் படித்தாள். நீதிபதி முன்னால் எப்படிப் பேசுவது என்பதைக்கூட அந்த இயந்திரம்தான் பழக்கியது. ஆனாலும் ஒரு பயம் நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது. அன்று கேட்டுவிட்டாள்.

"பாப்பா பொறந்து மூணு மாசம் இருக்குமுங்க. ராவும் பகலும் அழுதுட்டே கெடந்தா. எனக்குத் தூக்கமே இல்ல. ஒருநா தொட்டில்ல போட்டுட்டு, கதவப் பூட்டிட்டு, பஸ் ஏறிட்டனுங்க. திரும்பி வரவே கூடாதுன்னுதான் ஏறுனேன். பஸ் கெளம்பறப்ப மனசு கேக்கல, எறங்கி ஓடியாந்துட்டேன். இது தெரிஞ்சா புள்ளையக் குடுக்க மாட்டாங்களா?"

பெற்ற தாயிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. அழுது முடிக்கும்வரை நீதிச்செவி காத்திருந்தது. பிறகு, பிரசவித்த பெண்களுக்கு வரும் மனச்சோர்வைப் பற்றியும், நீதிமன்றங்கள் அதற்குக் காட்டிய கருணையைப் பற்றியும் பொறுமையாக விளக்கியது. பாரம் இறங்கியதுபோல் வீட்டுக்குப் போனாள்.

விசாரணையன்று லோகநாதன் எழுந்தான்.

"பாப்பாவப் பூட்டி வெச்சுட்டு நீ பஸ் ஏறுனியா, இல்லியா?"

"உங்களுக்கு... யாரு சொன்னா?"

"நீதிச்செவிதான். உம்மேல ஏதாச்சும் கொறை இருக்குதான்னு கேட்டேன். நீ சொன்னத அப்படியே சொல்லுச்சு." அவன் குரலும் உடைந்தது. "எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுது, வாணி."

"இயந்திரம் ரெண்டு தரப்புக்கும் பொதுவானதும்மா," என்றார் நீதிபதி. "ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட மறைக்கறது அநீதி. நூலக வாசல்லயே எழுதியிருக்குமே, பாக்கலையா?"

பார்த்திருந்தாள். 'இங்கே எவரிடமிருந்தும் எதுவும் மறைக்கப்படாது.' சட்டம் இனி தன்னைப் போன்றவர்களிடமிருந்து மறைக்கப்படாது என்றுதான் அவள் அதைப் புரிந்துகொண்டிருந்தாள். வக்கீலிடம் சொன்னது அவர் அறையைத் தாண்டாது என்று முன்பு ஒரு காப்பு இருந்தது. வக்கீல்களோடு அந்த அறையும் போய்விட்டதை வெடிச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

மனச்சோர்வைப் பற்றிக் கற்றுக்கொண்டதெல்லாம் சொன்னாள். ஆனால், திரும்பி வரவே கூடாதென்று ஏறினேன் என்ற அவள் வார்த்தைதான் தீர்ப்பில் நின்றது. குழந்தை தகப்பனிடம்; ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் பார்க்கலாம். "நீ வல்லியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே நிறைமதி அப்பாவின் கையைப் பிடித்துப் போனாள்.

மேல்முறையீட்டுக்கு வழி கேட்க மறுபடி நூலகத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. வேறு போக்கில்லை. உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் ஓர் இளம்பெண் தாழ்ந்த குரலில் எதையோ சொல்லத் தொடங்கியிருந்தாள். அவளுடைய நீதிச்செவி கனிவாகப் பேசியது:

"லோகநாதன் எதிர் கோகிலவாணி வழக்கில், உங்களைப் போன்ற ஒரு தாயிடமிருந்து குழந்தை பிரிக்கப்பட்டது. உங்களுக்கு நடந்ததை முழுதாகச் சொல்லுங்கள்."

கோகிலவாணி பாய்ந்து அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். "சொல்லாத கண்ணு. ஒரு வார்த்த சொல்லிராத."

அந்தப் பெண் வீங்கிய கண்களோடு நிமிர்ந்து பார்த்தாள். "அப்பறம் யார்கிட்டத்தாங்க்கா சொல்றது?"

கோகிலவாணி வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று இரண்டு நீதிச்செவிகளும் காத்திருந்தன.