பதினோராவது வாளி

எங்கள் வீட்டில் வாளிக்குப் பஞ்சமே இல்லை. மொத்தம் பத்து. எல்லாம் என் அத்தா கார்ப் பந்தயத்தில் வாங்கிய இரண்டாம் பரிசு.

குருபரப்பள்ளி ஏரி வற்றியதும் அதன் தரையில் வருடத்துக்கு ஒரு பந்தயம் நடக்கும். பந்தயத்துக்கென்று செய்த கார் எதுவும் அதில் வராது. வீட்டில் ஓட்டித் தேய்ந்த காரின் பின்சீட்டைக் கழற்றிவிட்டு, கதவில் எண் எழுதி ஓட்டுவார்கள். என் அத்தா ஜமீர் அகமது லாரி மெக்கானிக். அவர் காருக்கு ஏழாம் எண். முதல் பரிசுக் கோப்பை மட்டும் அவர் கைக்கு வருவதே இல்லை.

இந்த வருடம்தான் கடைசி. கார் ஒரேயடியாகப் புகை கக்குகிறது. திங்கட்கிழமை பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

பந்தயம் இருபது சுற்று. ஓட்டுகிறவர்களின் வீட்டுப் பிள்ளைகள்தான் சுற்றுக்கு ஒரு கோடு சிலேட்டில் போட வேண்டும். ஆனால் சொந்த வீட்டுக் காருக்குப் போடக் கூடாது. தளியிலிருந்து வந்த தினேஷ்குமார் அண்ணனின் காருக்கு நான் போட்டேன். அவர் தங்கை மாதேஸ்வரி அத்தாவுக்குப் போட்டாள். யாருக்கு முதலில் இருபது கோடு விழுகிறதோ அவருக்குக் கோப்பை.

பதினான்காவது சுற்றில் அத்தா என் பக்கம் வந்தார். நான் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஆட்டினேன். கண்ணில் புழுதி விழுந்தது. துடைத்துவிட்டுப் பார்த்தால் தினேஷ்குமார் அண்ணனின் காரும் தாண்டிப் போயிருந்தது. அப்புறம் கோடு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறந்தே போனேன்.

பந்தயம் முடிந்தபோது மாதேஸ்வரியின் சிலேட்டில் இருபது கோடுகள். என்னுடையதில் பத்தொன்பது.

பந்தயம் நடத்தும் முனிலட்சுமி அக்கா கோப்பையை அத்தாவிடம் கொடுத்தார். அத்தா அதைத் தன் சட்டையாலேயே துடைத்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"நான்தான் முதல்ல முடிச்சேன்னு நெனச்சேன்" என்று தினேஷ்குமார் அண்ணன் முணுமுணுத்தார்.

"சிலேட்டு சொல்றதுதாம்ப்பா கணக்கு" என்றார் அக்கா.

விட்டுப்போன கோடு அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கோப்பை வீட்டில் இருந்தால் தினமும் நான் அதைப் பார்க்க வேண்டுமே.

"அக்கா, பதினாலாவது சுத்துக்கு நான் கோடு போடலை. அத்தாவுக்குக் கை காட்டிட்டிருந்தேன்."

எல்லோரும் அத்தாவைப் பார்த்தார்கள். அவர் கோப்பையைத் தினேஷ்குமார் அண்ணனிடம் நீட்டிவிட்டு வாளியை வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாசலில்தான் வாயைத் திறந்தார். "நாளைக்குச் சொல்லியிருக்கலாமில்ல, ஸோயா. ஒரு நாளாச்சும் வீட்ல இருந்திருக்கும்."

நான் அழுதேன். அவர் சமாதானம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை அத்தா புது வாளியில் தண்ணீர் பிடித்துக் காரைக் கழுவினார். இரும்புக் கடைக்குப் போகிற காரை யாராவது கழுவுவார்களா? நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் துடைத்தேன்.

"நீ கை காட்டினதைப் பாத்தேன்" என்றார் அத்தா, என்னைப் பார்க்காமலே. "நல்லாப் பாக்கலாமேன்னு பிரேக் புடிச்சேன். அங்கதான் அவன் என்னை முந்தினான்."

"அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்தோமா அத்தா?"

"ஆமா" என்றபடி அவர் துணியைப் பிழிந்தார். "அந்த ஏழாம் நம்பர் மேல புழுதி இருக்கு பாரு. நல்லாத் தேய்."